பானையை மூடிய படைவீரன்

எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் ஒரு கையெழுத்துச் சஞ்சிகை ஓடியது. ஒரேயொரு பிரதிதான். ஒரு வீட்டில் வாசித்து முடித்து இரண்டு நாளில் அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். கடைசிப் பக்கங்கள் வாசகர் கருத்துக்கு. வாசித்தவர் தன் பெயரும் வீட்டு இலக்கமும் போட்டு எழுத வேண்டும். கீழே நாலு வரி இடம் விட வேண்டும், கதை எழுதியவர் பதில் சொல்வதற்கு. சஞ்சிகையை நடத்திய ஓய்வுபெற்ற மாஸ்டர் இதில் ஒரே பிடி. பெயர் போடாத கருத்து மொட்டைக் கடிதம் என்பார். சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில், பதினாலு தமிழ் வீடுகளின் இலக்கங்களைப் பெயர்களோடு ஒரே கொப்பியில் எழுதி ஒழுங்கை முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தோம். எங்கள் புத்தியை என்ன சொல்ல.

அந்த முறை கதை என்னுடையது. யேசு பிறந்த நேரம் ஏரோது ராசாவின் ஆட்கள் பெத்லகேமில் ஆண் குழந்தைகளைக் கொல்லத் தேடி வருகிறார்கள். ஒரு தாய் தன் பிள்ளையை வெறும் மாப்பானைக்குள் வைத்து மூடுகிறாள். ஒரு படைவீரன் மூடியைத் திறக்கிறான். பிள்ளை அவனைப் பார்க்கிறது. அவன் திரும்ப மூடிவிட்டு வெளியே போய், ஒன்றுமில்லை என்கிறான். அவ்வளவுதான் கதை. அதை அழகான எழுத்தில் படியெடுக்க எனக்கு இரண்டு சனிக்கிழமைகள் போயின.

அந்தச் சனிக்கிழமைகளில் நான் செய்திருக்க வேண்டியது வேறு வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து என்னோடு தங்கியிருந்த தம்பியைப் பொலிஸில் பதிந்திருக்க வேண்டும். வீட்டுக்குப் புதிதாக ஒரு தமிழ் ஆள் வந்தால் பதிந்தே ஆகவேண்டிய காலம். அலுவலகம் போகிற எனக்குச் சனிக்கிழமைதான் நேரம். அடுத்த கிழமை பார்ப்போம் என்றேன். "கதையை முடியுங்கோ அக்கா, நான் எங்க ஓடப்போறன்?" என்றான் அவன். பத்தொன்பது வயது அவனுக்கு.

கதை சுற்றுக்குப் போய் வந்தது, தம்பியின் பதிவு மட்டும் ஒவ்வொரு கிழமையும் தள்ளிப் போனது. கோயில் உபதேசியார் எழுதியிருந்தார்: "வேதாகமத்தில் இல்லாத பானையை நீர் எந்தக் கடையில் வாங்கினீர்?" எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கடைசி வரியில் கண்ணீர் வந்ததாகத் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு நாள் நான் நிலத்தில் நடக்கவில்லை. பிறகு எதிர்வீட்டு அன்ரியின் கருத்து. தையல் மெஷின் வைத்துப் பிழைத்த மனுசி. ஒரு வருடத்துக்கு முந்திய சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் மகனைக் கொண்டுபோயிருந்தார்கள், இன்னும் தகவலில்லை. அவர் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: "எங்கள் வீட்டுப் பானையைத் திறந்தவன் மூடவில்லை."

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. கதையை அந்த ஒரு வரி உடைத்துப் போட்டுவிட்டது என்று கோபம். அவருடைய நாலு வரி இடத்தில், "இது கதை, பொலிஸ் முறைப்பாடு அல்ல" என்று எழுதினேன். எழுதியபோது பெரிய கெட்டித்தனம் என்று நினைத்தேன். பதில்களோடு கொப்பி இன்னொரு சுற்றுப் போகும். அன்ரியும் வாசித்தார். பூசையில் கண்டபோது வழமைபோலத் தலையாட்டினார்.

கொப்பி திரும்ப என்னிடம் வந்த கிழமைதான் எங்கள் ஒழுங்கையைச் சுற்றினார்கள். காலை ஐந்தரை இருக்கும். ஓர் அதிகாரி, இரண்டு ஆமிக்காரர், தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள். தம்பியைச் சுவரோடு நிற்க வைத்துவிட்டு வீட்டைக் கிளறினார்கள். மேசையில் கிடந்த கொப்பியை அதிகாரி தூக்கி, "மேக்க மொகக்த?", இது என்ன, என்று சிங்களத்தில் கேட்டு, கான்ஸ்டபிளிடம் கொடுத்தார்.

அந்த மனிதன் எங்கள் கதிரையில் இருந்து ஆறுதலாக வாசித்தான். ஆயுதத்தோடு வீடு வீடாகப் போகிறவர்களைப் பற்றிய கதை. பின்னால் பதினாலு வீட்டுக்காரரின் பெயர்கள். கருத்துப் பக்கங்களுக்கு வந்தவன் ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினான். பிறகு கொப்பியை மூடி, யேசு பிறந்த கதை, கோயில் பிள்ளைகளுக்கு எழுதியது என்று அதிகாரிக்குச் சிங்களத்தில் சொன்னான். அதை என் கையில் தந்தபோது குரலைத் தாழ்த்தி, "கடைசித் தாளுகளக் கிழிச்சி அடுப்புல போடுங்க" என்றான்.

எனக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிடமே அவன் தம்பியின் பக்கம் திரும்பி, "இவர் பேர் எங்க பதிஞ்சிருக்கு?" என்று கேட்டான். தம்பியை ஜீப்பில் ஏற்றினார்கள்.

தாள்களை அடுப்பில் போட்டுவிட்டு அப்படியே குந்திக்கொண்டிருந்தேன். ஆமிக்காரர் ஒழுங்கையை விட்டுப் போன உடனேயே எதிர்வீட்டு அன்ரி வந்தார். கையில் ஹேண்ட்பாக்.

"சாரத்தோடயா கொண்டுபோனவங்கள்? காற்சட்டையும் ஷேர்ட்டும் எடு. அடையாள அட்டை ஆரிட்ட?"

"அவங்களிட்ட."

"பொலிஸில பேர் எழுதிற பெடியன் எட்டு மணிக்கு மாறிடுவான். அதுக்கு முதல் போகவேணும். அழுறதை பஸ்ஸில அழு பிள்ளை."

எந்த மேசையில் கேட்பது, யாரை சேர் என்பது, எப்போது வாயை மூடிக்கொள்வது எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. மகனுக்காக ஒரு வருடமாக அந்த வாசல்களில் நின்று படித்தது. மூன்று நாள் தையலை விட்டுவிட்டு என்னோடு வந்தார். மூன்றாம் நாள் பின்னேரம் தம்பியை விட்டார்கள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. நான் அவனைக் கட்டிப்பிடிக்க முதல் அன்ரி முன்னால் போய், ஹேண்ட்பாக்கிலிருந்து மகனின் படத்தை எடுத்துக் காட்டினார்.

"உள்ளுக்கு இவனைக் கண்டனியா தம்பி?"

அவன் வெகுநேரம் பார்த்தான். "இல்லை அன்ரி."

"சரி. பசியோட நிற்பாய். வீட்டை போ" என்றார்.

அடுத்த ஞாயிறு, கொப்பியில் புதுத் தாள்களைக் கோத்துத் தைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "நான் எழுதின பதில் பிழை அன்ரி. வெட்கமாயிருக்கு" என்றேன்.

"அதுதான் எரிஞ்சிட்டுதே" என்று பேனையை வாங்கினார். எரிந்துபோன அதே வரியை, ஒரு சொல்லும் மாறாமல் எழுதினார். பெயர் எழுதப் போனபோது கையைப் பிடித்தேன்.

"பேர் வேண்டாம் அன்ரி."

"இனி நான் ஆரை ஒளிக்க?"

பெயரையும் வீட்டு இலக்கத்தையும் எழுதினார். முறைப்படி நாலு வரி இடம் விட்டு, பேனையை என்னிடம் நீட்டினார்.

கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த நாலு வரியில் நான் ஒன்றும் எழுதவில்லை.