பூஜ்யம் காட்டிய திசு

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. அந்தக் குழாயைப் பிடித்த கை என்னுடையது. எனக்குச் சந்தேகமே இல்லை.

வேலூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். நாம் இழுக்கும் ஆக்சிஜனே நம் டி.என்.ஏ.வைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும், இரும்பில் துரு ஏறுவது மாதிரி. ஆம்பூர்த் தோல் தொழிலாளர்களின் தோல் திசுவில் அந்தச் சேதம் எவ்வளவு என்று அளப்பதுதான் எங்கள் ஆய்வு. ஒப்பிட்டுப் பார்க்க, நாங்களும் ஆளுக்கு மிளகளவு தோல் கொடுத்திருந்தோம்.

என்னோடு வேலைக்குச் சேர்ந்தவள் ஷர்மிளா. ஆம்பூர்க்காரி. மே மாத வெயிலிலும் வியர்க்காத முகம். என் சாம்பிள்கள் காற்றுப் பட்டுக் கெடும். அவளுடையது ஒன்றுகூடக் கெடாது. "ஷர்மிளா கையப் பாத்து கத்துக்கம்மா பாரதி" என்பார் எங்கள் தலைவர் மக்பூல் சார். டெக்னீசியன் கோபி டீ வாங்கி வந்தால் முதல் கப் அவளுக்குத்தான். எனக்கு வயிறு எரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், யாருக்கும் தெரியாமல் குளிர் அறையிலிருந்து அவள் திசு இருந்த சோதனைக் குழாயை எடுத்து வந்து அளந்தேன். உள்ளுக்குள்ளாவது என்னைவிட மோசமாக இருக்கமாட்டாளா என்று ஓர் ஆசை.

மெஷின் பூஜ்யம் காட்டியது.

டி.என்.ஏ. இருக்கிறது. சேதம் மட்டும் இல்லை. மூச்சு விடுகிற எந்த உடம்பிலும் அப்படி வராது... பிறந்த குழந்தைக்குக்கூட. மறுபடி ஓட்டினேன். பூஜ்யம். என்னுடையதைப் போட்டேன். பதினொன்று. மெஷினில் கோளாறு இல்லை.

குழாயைத் திருப்பி வைக்கக் குளிர் அறைக்குள் போனேன். பின்னால் கதவு... க்ளக்.

உள்ளே ஷர்மிளா நின்றிருந்தாள்.

"இன்னா பாரதி, எனக்கு எவ்ளோ வந்துச்சு?"

என் மூச்சு வெள்ளைப் புகையாய்ப் போனது. அவள் வாயிலிருந்து புகை வரவில்லை.

"பூ... பூஜ்யம்."

"உனக்கு?"

"பதினொண்ணு."

அவள் சிரிக்கவில்லை. என் வாயிலிருந்து கிளம்பும் புகையையே பார்த்தாள். பசித்தவள் சோற்றைப் பார்ப்பது மாதிரி.

"அத்தனையும் நீ உட்ட மூச்சு. எனக்கு எவ்ளோ பொறாமையா இருக்கு தெரியுமா?"

கிட்டே வந்தாள்.

விளக்கு அணைந்தது.

கத்தினேன்...

விளக்கு வந்தபோது அவள் இல்லை. கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும். மக்பூல் சார் வீட்டுக்குப் போய்ப் பார்த்து வரச் சொன்னார். பஸ் ஏறி ஆம்பூர் போனேன். கதவைத் திறந்தவர் அவள் அம்மா சவுரியம்மாள். ஷர்மிளாவோடு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன் என்றேன். அவர் முகம் வெளுத்தது. கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த வேலைக்குதாம்மா தவமா கெடந்தா. ஆர்டர் வந்த அன்னிக்கு காலையிலதான் அவள பொதைச்சிட்டு வந்தோம்."