செத்த உளவாளிக்கு ஒரு போட்டோ

எங்க வீட்டு ஹால்ல ரெண்டு போட்டோ எதிரும் புதிருமா தொங்கும். ஒரு சுவத்துல அப்பா, மாலையோட. எதிர்ச் சுவத்துல அண்ணன், மாலை இல்லாம. அப்பா போய்ச் சேர்ந்துட்டார்னு கொச்சியில எங்க மட்டாஞ்சேரிக்கே தெரியும். அண்ணன் என்ன ஆனான்னு எவனுக்கும் தெரியாது. மும்பையில கப்பல் கம்பெனி வேலைன்னு பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பினான். கொஞ்ச மாசம் போன் வந்துச்சு. அப்புறம் இப்படி ஒரு நம்பரே இல்லைன்னு ஒரு பொம்பளைக் குரல் மலையாளத்துல சொல்ல ஆரம்பிச்சுது. போலீஸ்ல எழுதிக் குடுத்தோம், ஜோசியரையும் பாத்தோம். போலீஸ்காரங்க தேடறோம்னாங்க. ஜோசியர், "வடக்கே இருக்கான், சுகமா இருக்கான், வருவான்"னு அடிச்சுச் சொன்னார். அம்மா ஜோசியரை நம்பினா.

அதாச்சு ஏழெட்டு வருஷம். நடுவுல அப்பா செத்தார். கொள்ளி வைக்கப் பிள்ளை வருவான்னு அம்மா சாயங்காலம் வரைக்கும் யாரையும் தூக்க விடலை. வரலை. சித்தப்பா மகன்தான் வெச்சான்.

போனவன் பாட்டுக்குப் போயிட்டான், மாட்டிக்கிட்டது அண்ணிதான். சங்கரன்கோவில் பக்கத்துலேர்ந்து இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவங்க. புருஷனோட வாழ்ந்தது ரெண்டு வருஷம்கூட இருக்காது. அவங்க அண்ணன் வந்து, "தங்கச்சியை ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்"னு கேட்டார். அம்மா விடலை. அங்க ஒரு வாத்தியார், பொண்டாட்டி தவறிப் போனவர், அண்ணியைக் கட்டிக்கத் தயார்னு சொல்லி அனுப்பினார். அன்னைக்கு அம்மா போட்ட கூச்சல் தெருமுனை சாயாக்கடை வரைக்கும் கேட்டுச்சு. எதுக்கும் ஒரே பேச்சுதான் அவளுக்கு: "நாளைக்கே அவன் வந்து நின்னு, எம்பொண்டாட்டி எங்கேன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

தினமும் அண்ணி நெத்தியில குங்குமம் இருக்கணும். தலையில பூ இருக்கணும். காலையில பூக்காரியைப் பாத்ததும் அம்மாவே ஒரு முழம் முல்லை வாங்கி அண்ணி கையில திணிப்பா. ஆசைக்கு வெக்கிற பூ இல்லை அது. பிள்ளை உசுரோட இருக்கான்னு ஊருக்குக் காட்டற பூ. புருஷன் செத்தான்னு தெரிஞ்சா அழுது முடிச்சுடலாம். இருக்கான்னு தெரிஞ்சா கிழிகிழின்னு கிழிச்சு முடிச்சுடலாம். ரெண்டும் இல்லாம ஒரு பொம்பளை எத்தனை வருஷம்தான் திரிசங்குல தொங்குவா? எனக்கு வயிறு எரியும். ஆனா அம்மாகிட்ட வாயைத் திறந்தா, "உனக்கென்னடி, கல்யாணமே வேண்டாம்னு நிக்கிறவ"ன்னு என் கழுத்துக்கே கத்தி வரும்.

இப்படி இருக்கிறப்பதான் சினிமாக்காரப் பசங்க வந்தாங்க. அந்தக் காலத்துத் துப்பறியும் படம் மாதிரியே ஒண்ணு எடுக்கறாங்களாம். உளவாளி, கடத்தல்காரன், ரகசிய அறை, பெல்பாட்டம் எல்லாம் உண்டாம். எங்க வீட்டை ஒட்டின பழைய மிளகு கோடவுன்தான் வில்லனோட கோட்டை. இந்த ஊர்ல கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அம்பது வருஷம் பழசாத்தான் தெரியும், அதுக்கு அஞ்சு பைசா செலவில்லை. அதான் வந்திருக்காங்க.

பாவம், கையில காசே கிடையாது. துப்பாக்கின்னு ஒண்ணு வெச்சிருந்தாங்க, அதுலயே பீடி பத்த வெச்சுக்கிட்டானுங்க. வில்லன் வெளிநாட்டுக்குத் தகவல் அனுப்பற கருவி எங்க வீட்டு ஓட்டை ரேடியோ. கார்த் துரத்தல்னு ஒரு நாள் தெருவையே மறிச்சாங்க. கார் ஸ்டார்ட் ஆகலை. நாலு பேர் பின்னாடியிருந்து தள்ள, ஹீரோ உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் வெட்டினான். சிரிச்சுச் சிரிச்சு எனக்கு இடுப்பு வலிச்சுது. அண்ணியும் சிரிச்சாங்க. ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாங்க. அப்படி ஒரு சிரிப்பை அவங்க முகத்துல நான் பாத்து எத்தனையோ காலம் ஆச்சு.

அவங்களுக்கு கரன்ட் எடுக்க, மேக்கப் போட எல்லாம் எங்க வீடுதான். டைரக்டர் பையன் ஒரு நாள் ஹால்ல சாயா குடிச்சிட்டிருந்தவன், அண்ணன் போட்டோவைப் பாத்துட்டு டம்ளரைக் கீழ வெச்சுட்டான். அது பொண்ணு வீட்டுக்கு அனுப்பறதுக்காக ஸ்டுடியோவுல எடுத்த போட்டோ. ஸ்டுடியோக்காரன் கோட்டு, ஸ்டுடியோக்காரன் டை, கறுப்புக் கண்ணாடி, ஒரு பக்கமாத் திரும்பி ஒரு பார்வை. அந்தப் பார்வையைப் பாத்துத்தான் அண்ணி தலையை ஆட்டினாங்களாம். அவன் காணாமப் போனப்புறம் அம்மா அதைப் பெருசாக்கி மாட்டினா.

"அம்மே, இந்த போட்டோ ரெண்டு நாளைக்குக் கிட்டுமோ? ஒரு பெரிய ஆபீசர் போட்டோ வேணும், சுவத்துல மாட்ட"ன்னு கேட்டான். எங்ககிட்டத் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவான்.

"முக்கியமான வேஷமா தம்பி?"ன்னு அம்மா கேட்டா.

"வளரெ முக்கியம், ரொம்ப முக்கியம். கதையே அவரை வெச்சுதான்."

பொய் சொல்லலை பையன். அம்மாவுக்குத் தலைகால் புரியலை. "பேப்பர்ல விளம்பரம் குடுத்தோம், ஒரு நாளோட மறந்துட்டாங்க. சினிமான்னா ஊரெல்லாம் பாக்கும். யாராவது ஒருத்தன், இவனை நான் பாத்திருக்கேன்னு சொல்ல மாட்டானா?"ன்னு சொல்லிக்கிட்டே அவளே ஆணியிலேர்ந்து கழட்டிக் குடுத்தா. அண்ணியை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை.

போட்டோ திரும்பி வந்தப்போ கண்ணாடியில, சரியா நெத்தி இருக்கிற இடத்துல, குங்குமமும் சந்தனமும் ஒட்டியிருந்துச்சு. "பாத்தியாடி, கேமராவுக்குப் பூஜை போட்டப்போ எம்பிள்ளைக்கும் பொட்டு வெச்சிருக்காங்க"ன்னு அம்மா பூரிச்சுப் போனா. சினிமாக்காரங்க எதுக்கெடுத்தாலும் தேங்காய் உடைக்கிறதை தினம் பாத்தவ, அப்படித்தானே நினைப்பா? நானும் அப்படித்தான் நினைச்சேன். அண்ணி ஈரத்துணி எடுத்து அந்தப் பொட்டைத் துடைச்சாங்க. துடைக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நின்னாங்க.

படம் முடிஞ்சதும் அதே கோடவுன்ல திரை கட்டி, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, எங்களை எல்லாம் கூப்பிட்டாங்க. அம்மா பட்டுப்புடவை கட்டிக்கிட்டா. தெருவுல பாதிப் பேரை, "எம்பையன் வர்றான், வாங்க"ன்னு இழுத்துட்டு வந்து முன் வரிசையில உட்கார்த்தி வெச்சா.

முதல் சீன்லயே ஒரு மிளகு மூட்டை வெடிச்சுது. அதுல உளவுத்துறைப் பெரிய ஆபீசர் காலி. ஆள் போட்டு நடிக்க வைக்கக் காசில்லை, அதனால வெடியும் புகையும் மட்டும்தான் காட்டினாங்க. அடுத்த சீன்ல ஒரு வீடு. சுவத்துல எங்கண்ணன். கழுத்துல இந்தா தண்டிக்கு ஒரு பிளாஸ்டிக் மாலை, நெத்தியில பொட்டு, முன்னாடி விளக்கு, ஊதுபத்தி. கீழே வெள்ளைப் புடவை கட்டின ஒரு பொண்ணு, "என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே"ன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதா.

அம்மா எழுந்து நின்னுட்டா. "டேய்! எடுங்கடா மாலையை! உசுரோட இருக்கிற பிள்ளைடா!"ன்னு திரையைப் பாத்துக் கத்தினா. பின்னாடி இருந்தவங்க, கிழவி படத்துல ஒன்றிப் போயிட்டான்னு நினைச்சு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அந்தப் போட்டோவோட விட்டானுங்களா? ஹீரோ செத்தவனோட தம்பி. அவனுக்கு வீரம் குறையறப்பெல்லாம் வந்து அந்தப் போட்டோ முன்னாடி சபதம் போட்டான். ஒவ்வொரு சபதத்துக்கும் மாலை இன்னும் கொஞ்சம் பெருசாத் தெரிஞ்சுது. இந்த மாதிரிப் படங்கள்ல செத்தவன் கடைசியில திரும்பி வருவான். அம்மா அதுக்காகக் கடைசி வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. வரலை.

அண்ணி மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கலை. வில்லனைப் பாக்கலை, ஹீரோவைப் பாக்கலை. அந்த வெள்ளைப் புடவைப் பொண்ணு அழுது முடிச்சு, மூக்கைத் துடைச்சுக்கிட்டு எழுந்து போறதைத்தான் பாத்துட்டிருந்தாங்க.

படம் விட்டதும் அம்மா டைரக்டர் சட்டையைப் பிடிச்சுட்டா. "அம்மே, இது கதையல்லே? வெறும் கதைதானே"ன்னு அவன் கையெடுத்துக் கும்பிட்டான். கதையாம்! வீட்டுக்கு வந்து அம்மா மிளகாய் சுத்திப் போட்டா, பூசணிக்காய் உடைச்சா, போட்டோவைக் கழட்டி மஞ்சத்துணியில சுத்தி பீரோவுக்குள்ள வெச்சா. அதோட விட்டாளா? பிள்ளை ஆயுசுக்குப் பரிகாரம்னு அண்ணியைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய், ஈரப் புடவையோட அடிப்பிரதட்சணம் பண்ண வெச்சா. கல்லு கொதிக்குது. அண்ணி அடிமேல அடி வெச்சு நடந்தாங்க. நான் கூடவே போய் நிழல்ல நின்னு பல்லைக் கடிச்சேன். வேற என்ன பண்ணிக் கிழிச்சேன்?

அந்தப் பசங்க படத்தை யூடியூப்ல போட்டாங்க. படத்தை எவனும் பாக்கலை. ஆனா அந்த மாலை சீனை மட்டும் யாரோ வெட்டி, சிரிப்புக்காக வாட்சப்ல விட, அது கொச்சி முழுக்கச் சுத்துச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை. நானும் அம்மாவும் ஹால்ல உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிச்சிட்டிருந்தோம். அண்ணி அடுப்படியில. என் போன் அடிச்சுது. புது நம்பர்.

"நான்தான்"னு ஒரு குரல். அண்ணன் குரல்.

"என் போட்டோவை எவடி எடுத்துக் குடுத்தது? மாலை போட்டு, பொட்டு வெச்சு, ஊதுபத்தி ஏத்தி... அறிவிருக்கா உங்களுக்கெல்லாம்? உசுரோட இருக்கிற மனுஷன்டி நான்!"

கிடக்கிறது கிடக்கட்டும், கிழவியைத் தூக்கி மணையில வைன்னானாம். அப்பா எப்படி இருக்கார்னு கேக்கலை. அம்மா இருக்காளா, பொண்டாட்டி இருக்காளா, ஒண்ணும் கேக்கலை. அப்பன் சாவுக்கு வராத போன், ஒரு பிளாஸ்டிக் மாலைக்கு வந்துடுச்சு. "நீ உசுரோட இருக்கேன்னு எங்களுக்கு எவன் சொன்னான்?"னு நான் கத்தறதுக்குள்ள அம்மா போனைப் பிடுங்கிட்டா. அவளுக்குக் காது மந்தம், ஸ்பீக்கர்ல போட்டாத்தான் கேக்கும். போட்டா.

"ராசா! எஞ்சாமி! சாப்டியாப்பா?"

பெத்த மனம் பித்துன்னு சும்மாவா சொன்னாங்க? ஒரு அதட்டல் கிடையாது, ஒரு கேள்வி கிடையாது. அழுகையும் சிரிப்புமா அவ போனைத் தடவறா. அவன் அங்கேயிருந்து, "அந்தப் பசங்ககிட்டச் சொல்லி அதை எடுக்கச் சொல்லும்மா. கம்பெனியில ஒருத்தன் விடாம கேலி பண்றான். இவ வேற பாத்துட்டு, அபசகுனம்னு நேத்துலேர்ந்து சோறு தண்ணியில்லாம அழுதுட்டிருக்கா"ன்னான்.

"எவப்பா?"ன்னு அம்மா கேட்டா.

அவன், "லைன் சரியில்லைம்மா"ன்னு மழுப்பினான். ஆனா பின்னாடி ஒரு குழந்தை, "அச்சா, அச்சா"ன்னு கூப்பிட்டது தெளிவாக் கேட்டுச்சு. இந்த ஊர்ல அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாங்க.

அண்ணி அடுப்படி வாசல்ல நின்னுட்டிருந்தாங்க. எப்போ வந்தாங்கன்னு தெரியாது. "எங்க இருக்கீங்க?"ன்னு அங்கேயிருந்தே கேட்டாங்க.

"களமசேரி"ன்னு இழுத்தான்.

களமசேரி! மும்பையும் இல்லை, துபாயும் இல்லை. பஸ் ஏறினா ஒரு தூக்கம் போட்டு முழிக்கிறதுக்குள்ள வந்துடும். அம்மாவுக்குக் கண்ணு காட்ட அண்ணி மாசாமாசம் அந்த வழியாத்தான் பஸ்ல கூட்டிட்டுப் போயிட்டு வந்தாங்க. ஜோசியர் ஒண்ணும் தப்பாச் சொல்லலை. வடக்கேதான். சுகமாத்தான்.

"பாத்தியாடி, நீ சுத்தின பிரதட்சணம் வீண்போகலை"ன்னு அம்மா அண்ணியைப் பாத்துச் சொன்னா. அந்தக் குழந்தை குரல் அவ காதுலயும்தான் விழுந்துச்சு. "ஆம்பளை அப்படி இப்படி இருப்பான். உன்னையா விட்டுடப் போறான்? வருவான், பேசிக்கலாம்." பெத்தவளாச்சேன்னு நான் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். இல்லேன்னா அன்னைக்கு என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது.

அண்ணி நேரா பீரோகிட்டப் போனாங்க. பீரோவைத் திறந்து, மஞ்சத்துணியைப் பிரிச்சு, போட்டோவை எடுத்து முந்தானையால துடைச்சாங்க. "ஆமாண்டி, மறுபடி மாட்டு"ன்னு அம்மா சந்தோஷமாச் சொன்னா. அண்ணி ஸ்டூலை இழுத்தாங்க. பழைய ஆணிப் பக்கம் இழுக்கலை. எதிர்ச் சுவத்துக்கு, அப்பா தொங்கற சுவத்துக்கு இழுத்தாங்க. அங்க காலண்டர் மாட்டற ஆணி ஒண்ணு உண்டு. காலண்டரைக் கழட்டிக் கீழே போட்டுட்டு, அப்பா பக்கத்துல அண்ணனை மாட்டினாங்க. அப்புறம் தலையில கையை விட்டு, காலையில அம்மா வாங்கிக் குடுத்த முல்லையை உருவி, ரெண்டு முனையையும் முடிச்சுப் போட்டு, போட்டோவுக்குச் சாத்தினாங்க.

"அடிப்பாவி! அவன் உசுரோட இருக்கான்டி!"ன்னு அம்மா அலறினா.

"தெரியும் அத்தே. அதனாலதான் போடறேன்."

போன் அம்மா கையில, "என்னாச்சு, என்னாச்சு?"ன்னு கத்திட்டிருந்தது. அண்ணி ஸ்டூல்லேர்ந்து இறங்கி, அடுப்பை அணைச்சாங்க. கொடியில கிடந்த துண்டை எடுத்துக்கிட்டு, தலைக்குத் தண்ணி ஊத்திக்கப் போனாங்க.