கூடுதலாக ஒரு குழாய்

நான் என் மகளை அடித்தேன். பிறவியிலேயே அவள் உடம்பில் இருந்த ஒரு குழாய்க்காக அடித்தேன்.

நம்ப முடியவில்லையா? எனக்கும் முடியவில்லை... ஆனால் கை என்னுடையதுதான்.

மலேசியாவில் கரங்கான் என்ற ஊரில் எங்கள் வீடு. மகள் தர்ஷினிக்கு எப்போதும் பாவாடையில் ஈரம். சின்னப்பிள்ளை, போகப்போகச் சரியாகிவிடும் என்றார்கள். பத்து வயதிலும் நிற்கவில்லை. வகுப்பில் அவள் பக்கத்தில் யாரும் உட்கார மறுக்கிறார்கள் என்று ஆசிரியை சொல்லியனுப்பினார். எனக்கு மானம் போயிற்று. அவளுக்கு என்ன போயிற்று என்று நினைத்துப் பார்த்தேனா? இல்லை.

"இப்பத்தானே பாத்ரூம் போன? அதுக்குள்ள எப்படி நனையும்?"

"போயிட்டுத்தான்மா வந்தேன். அதுவா வருது."

அதுவாக வருமாம்! ஒழுங்காகப் போகத் தெரிந்தவளுக்கு அடக்கத் தெரியாதா? திமிர் என்று முடிவு கட்டி ரோத்தான் பிரம்பை எடுத்தேன். நனைந்த போர்வையை அவளையே வேலியில் காயப்போட வைத்தேன், அக்கம்பக்கம் பார்க்கட்டும் என்று. "என்னைக் கேக்காம ஒரு வாய் தண்ணி குடிக்கக் கூடாது" என்றேன். கொளுத்துகிற வெயிலில்... பெற்றவள் சொல்கிற பேச்சா அது?

டாக்டரிடம் போயிருக்கலாமே என்பீர்கள். பெண்பிள்ளைக்கு இப்படியொரு குறை என்று வெளியே தெரிந்தால்? கோயிலில் கயிறு கட்டியதோடு சரி.

தர்ஷினி வளர்ந்து கூலிமில் தொழிற்சாலை வேலைக்குச் சேர்ந்த பிறகு, கூட வேலை செய்த ஒருத்திதான், "இது வியாதி லா, வா டாக்டர்கிட்ட போவோம்" என்று அவளை இழுத்துப் போனாள். ஸ்கேன் முடிவு கேட்க நானும் போனேன். டாக்டர் தாளில் வரைந்து காட்டினார். ஒரு சிறுநீரகத்திலிருந்து ஒரு குழாய் இறங்க வேண்டும். இவளுக்கு இடப்பக்கம் இரண்டு. ஒன்று சிறுநீர்ப்பையில் சேர்கிறது. மற்றது பையில் சேராமல், அடக்கும் தசைக்கும் கீழே போய்த் திறக்கிறது.

"பாத்ரூம் ஒழுங்கா போவாங்க, ஆனாலும் நனஞ்சிக்கிட்டே இருக்கும். அத வச்சித்தான் எங்களுக்கே சந்தேகம் வரும். சின்ன வயசுல யாரும் கவனிக்கலியாம்மா?"

கவனித்தேனே... அதையே சாட்சியாக வைத்துத்தானே தண்டித்தேன்! தர்ஷினி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுவை சிகிச்சை நடந்தது. ஈரம் நின்றுவிட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாலே, "விடுங்கம்மா" என்று எழுந்து போய்விடுகிறாள். அந்தச் சொல்லில் மன்னிப்பு இருக்கிறதா? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. சமையலறையில் கப்பை எடுத்தவள், திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"தண்ணி குடிக்கலாமாம்மா?"

அவளுக்கு இருபத்து மூன்று வயது. நான் சொல்லும்வரை அவள் குடிக்கவில்லை.