பயிற்சியாளர் சொன்னது ஒரே வரி

இன்று பின்னேரம் மகளைக் கூட்டிவர பார்க்டேலில் உள்ள பள்ளிக்கூட ஜிம்முக்குப் போனேன். கூடைப்பந்துப் பயிற்சியாளர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"இவருக்குத் தமிழில் சொல்லுங்கள். இவருடைய மகளை இந்த வருடம் அணியில் எடுக்கவில்லை."

பக்கத்தில் சிவம் அண்ணை, வேலை உடுப்போடு, கார்ச் சாவியை இறுக்கிப் பிடித்தபடி நின்றார்.

எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. "அண்ணை, பிள்ளை நல்லா விளையாடுறாவாம். இன்னும் கொஞ்சம் பழகட்டாம். பிறகு பாப்பமாம்."

அண்ணை சிரித்தார்.

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "நான் சொன்னது ஒரு வரி. நீங்கள் சொன்னது மூன்று. அவர் சிரிக்கிறார்."

அவர் விடவில்லை.

"துருக்கி, கிரீஸ், பிலிப்பைன்ஸ் என்று அணி மாறி மாறி விளையாடிப் பிழைத்தவன் நான். போன இடமெல்லாம் மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சொல்லித்தான் என்னை அணியிலிருந்து நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவர் உங்களைப்போல இரக்கப்பட்டு மாற்றிச் சொன்னார். அடுத்த நாளும் பயிற்சிக்குப் போனேன். என் இலக்கம் போட்ட சட்டையோடு வேறொருவன் நின்றான்."

நான் அண்ணையிடம் திரும்பினேன். "அண்ணை, பிள்ளையை எடுக்கேல்லையாம். நாளைக்கு அனுப்பாதேங்கோ."

"அவர் இங்கிலிசில சொல்லேக்கையே எனக்கு விளங்கினது, தங்கச்சி," என்றார் அண்ணை. "நீர் சொன்ன கதை நல்லாயிருந்தது. அதையே வீட்டை போய்ப் பிள்ளைக்குச் சொல்லுவம் எண்டு நினைச்சனான்."

அடுத்த கிழமை பயிற்சியாளர் இன்னொரு தகப்பனுக்கும் இப்படிச் சொல்ல வேண்டுமாம். என்னைக் கூப்பிட மாட்டாராம். ஒரு வரியை ஒரு வரியாகவே சொல்லக்கூடிய தமிழர் யாராவது இந்த மின்னஞ்சல் குழுவில் இருந்தால் பதில் போடுங்கள்.