சுவரில் அழிந்த ஓர் இலக்கம்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்னே பின்னே மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளியில் படித்ததில் மனதில் தங்கியது ஒன்றுதான். எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் அதன் இலக்கங்களைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை ஒன்பதாம் வாய்ப்பாட்டில் வந்தால், அந்தப் பெரிய எண்ணும் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். மனிதர் முகம் பார்த்துப் பேச எனக்குக் கூச்சம். கச்சிராயபாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றால், கரும்பு லாரிகளின் நம்பரைக் கூட்டிக்கொண்டே நிற்பேன்.

போர்வெல் லாரியில் வடக்கே வேலைக்குப் போன என் ஒரே மகன், ஒரு பொங்கலுக்கு செல்போனோடு வந்தான். எங்கள் தெருவில் அப்போது யாரிடமும் போன் கிடையாது. கதவுக்குப் பின்னால் மண்சுவரில் அடுப்புக்கரியால் தன் நம்பரை எழுதினான். பத்து இலக்கம்.

"ஒம்போதுக்கு அடங்குதுடா!" என்றேன்.

"மத்த அம்மாங்க நம்பரை மனப்பாடம் பண்ணுவாங்க. நீ கூட்டிக்கினு கீற," என்று சிரித்தான்.

ஐப்பசி மழையில் கூரை ஒழுகிச் சுவரெல்லாம் நீர் வழிந்தது. நடுவில் ஓர் இலக்கம் அடியோடு போய்விட்டது. அந்த மழையிலேயே என் வீட்டுக்காரர் படுத்துவிட்டார். கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர் கேட்டதெல்லாம் மகனை.

பக்கத்து வீட்டுக்காரி புதிதாக போன் வாங்கியிருந்தாள். சுவரைப் பார்த்து, "இன்னாக்கா, ஒண்ணு கம்மியா கீதே! பத்து பேருக்குப் போட்டுப் பாக்கணுமா?" என்றாள்.

மிச்சமிருந்த ஒன்பது இலக்கங்களையும் கூட்டினேன். நாற்பத்தைந்து. அதுவே ஒன்பதுக்கு அடங்கிவிட்டது. அப்படியானால் அழிந்தது பூஜ்யம், இல்லையென்றால் ஒன்பது. வேறு எதுவும் பொருந்தாது.

"எட்டு பேருகிட்ட ஏச்சு வாங்காம காப்பாத்திட்டீங்க," என்று சொல்லிக்கொண்டே அழுத்தினாள்.

பூஜ்யம் போட்டால் ஏதோ கடை. அப்படி யாருமில்லை என்று வைத்துவிட்டார்கள். ஒன்பது போட்டால், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று பதிவுக்குரல் வந்தது. அதுதான் அவன் என்று நம்பினோம். மறுநாளும் அதையே போட்டோம்.

"வர்றானா?" என்றார் அவர்.

"சார்ஜ் இல்லாம கெடக்குது போல. போட்டுக்கினேதான் கீறோம்."

"அதுவரைக்கும் நான் இருக்கணுமே," என்றார்.

இருக்கவில்லை. அவர் அண்ணன் மகன்தான் கொள்ளி வைத்தான்.

ரொம்ப நாள் கழித்து அந்த நம்பரை ஒரு பெண் எடுத்தாள். என் மகனை அவளுக்குத் தெரியவில்லை. அவன் நம்பரை மாற்றிவிட்டானா, அந்தப் பொங்கலன்றோ மழைக்கு அப்புறமோ நான்தான் தப்பாகக் கூட்டினேனா? தப்பென்றால் அவன், நாங்கள் போடாமல் விட்ட எட்டில் இருக்கிறான். இன்றுவரை அவன் வரவில்லை. அந்த எட்டையும் போட்டுப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அதிலும் அவன் இல்லையென்றால், அப்புறம் போட நம்பரே இல்லை.

அந்தச் சுவருக்கு நான் வெள்ளையடிக்க விடவில்லை. கணக்குப் படித்தவர்கள் யாராவது ஒருமுறை வந்து, அது நாற்பத்தைந்துதானா என்று கூட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.