கால்சியம் ஏறினால் ரெனின் இறங்கும்

போன சனிக்கிழமை கலைவாணி வந்து எங்கள் சமையலறையில் உட்கார்ந்தாள். கையில் மார்க்கர் பேனா, முகத்தில் கவலை.

கலைவாணி என் மனைவியின் தங்கை. வயது நாற்பத்தொன்று. இங்கே மலேசியாவில், கோலசிலாங்கூரில் டயாலிசிஸ் தாதி. வேலை பார்த்துக்கொண்டே பட்டப்படிப்பும் படிக்கிறாள். எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள்... ஒரு வாய்மொழித் தேர்வைத் தவிர. இனி ஒரே ஒரு வாய்ப்புதான். அதையும் விட்டால், இன்னொரு வருடம்!

அவளைக் கவிழ்த்தது ஒரே கேள்வி. சிறுநீரகத்தில் ரெனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அதைச் சுரக்கும் செல்லுக்குள் கால்சியம் கூடினால் என்ன ஆகும்?

"ரெனின் வெளிய வரும்னு சொல்லிட்டேன் மாமா. இன்சுலின் அப்படித்தானே வருது? கிட்னியில மட்டும் தலைகீழ் லா. கால்சியம் கூடினா ரெனின் நின்னுடும்."

"ஏன்?"

"அதான் மண்டையில ஏற மாட்டேங்குது."

நான் பத்து வருட பிரஷர்காரன். அந்த உரிமையில் கேட்டேன் – "சரி, இந்த ரெனின் என்னதான் செய்யும்?"

"பிரஷரை ஏத்தும்."

"எனக்குத்தான் ஏற்கெனவே ஏறிக் கிடக்கே. அதுக்கு மேலயும் ரெனின் வந்தா நான் என்ன ஆவேன்?"

கலைவாணி சட்டென்று எழுந்துபோய் ஐஸ்பெட்டிக் கதவில் எழுத ஆரம்பித்தாள். பிரஷர் ஏறினால் அந்தச் செல் இழுபடும். கால்சியம் உள்ளே நுழையும். ரெனின் நிற்கும். பிரஷர் இறங்கினால்? கால்சியம் குறையும், ரெனின் வரும்.

"பிரஷர் ஏறினா ரெனின் நிக்கத்தான் மாமா வேணும். இல்லாட்டி ஆளு காலி."

சந்தைக்குப் போயிருந்த என் மனைவி அப்போதுதான் உள்ளே வந்தாள். கதவைப் பார்த்தாள். பேனாவைப் பார்த்தாள். "அது அழியாத மார்க்கர்டி" என்றாள்.

செவ்வாய்க்கிழமை தேர்வு. இணையம் வழியாகத்தான். எங்கள் வீட்டிலேயே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாயாலேயே அந்தப் பரீட்சையை எழுதினாள். வெளியே நானும் மனைவியும் காத்திருந்தோம். வந்தவள் முதலில் தண்ணீர் குடித்தாள். அப்புறம்தான் சிரித்தாள்.

"அதே கேள்வி மாமா. ஏன்னும் கேட்டாங்க. உங்க பிரஷரை வச்சே விளக்கிட்டேன். பாஸ்."

மனப்பாடம் செய்து மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறோம். ஒன்றும் தெரியாத ஒருவன் 'ஏன்' என்றதும் விளங்கிவிடுகிறது. அப்படிக் கேட்க மட்டும் நமக்கு எவ்வளவு கூச்சம்!

எனக்கு ஒரே பெருமை. பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் தட்டில் வழக்கமான உப்புக் கருவாட்டைக் காணோம். எங்கே என்றேன்.

"உங்க பிரஷர் யூனிவர்சிட்டி வரைக்கும் தெரிஞ்சுபோச்சு மாமா" என்றாள் கலைவாணி. "இனிமே ஏறினா எனக்குத்தான் அவமானம்."