எந்த இனிஷியல், டீச்சர்?

என் வீட்டுக்காரருக்குக் காது மந்தமாகி வெகுநாளாயிற்று. குக்கர் விசில் கேட்காது, வாசலில் ஆள் கூப்பிட்டால் கேட்காது. நான் திட்டினால் மட்டும் எப்படியோ கேட்டுவிடும். காது மிஷின் வாங்கலாம் என்றால், "பென்ஷன்ல கை வைக்காத. ஒன் ரீஃபண்ட் வரட்டும், வாங்கிக்கிருவோம்" என்பார். அது வரவே வராது என்கிற தைரியம் அவருக்கு.

நான் ஓய்வு பெற்ற வருஷம், அரியர்ஸ் பணத்தில் வருமான வரியைக் கூடுதலாகப் பிடித்துவிட்டார்கள். திருப்பித் தருகிறோம் என்று போனில் செய்தி வந்தது, பணம் வரவில்லை. ஆவூரில் எனக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுத்தவர், "வரும் டீச்சர், வரும்" என்றே காலத்தை ஓட்டினார். "எப்பங்க வரும்? என்னயக் கல்லறையில வச்ச பெறகா?" என்று கத்திவிட்டு வந்தேன். கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது.

போன மழைக்காலத்தில் இவர் ஹாரன் கேட்காமல் ரோட்டைக் கடக்கப் போய், பக்கத்தில் நின்றவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் லாரிக்குத் தப்பினார். மாதாதான் காப்பாற்றினாள். இனி இந்த மிஷின் இல்லாமல் ஆகாது என்று, விசாரித்துக்கொண்டு திருமயத்தில் இருக்கிற ஓர் ஆடிட்டர் ஆச்சியிடம் இவரையும் இழுத்துப் போனேன்.

அந்த ஆச்சி சென்னையில் தொழில் பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். என் காகிதங்களைப் பார்த்ததும் சிரித்தார்.

"பான் கார்டுல ஒங்க பேரோட அப்பா பேரு. பாஸ்புக்ல சாரோட இனிஷியல். ரெண்டும் ஒரே ஆளுன்னு எப்படி நம்புவாங்க? அதான் பணம் திரும்பிப் போயிருது."

"இத்தன வருஷம் சம்பளம் இதே கணக்குலதான ஏறுச்சு ஆச்சி? அப்பல்லாம் கண்ணு தெரியலையாக்கும்?"

"என்னய ஏன் வையிறீக? மொதல்ல காப்பியக் குடிங்க. ஒண்ண மாத்திட்டா வேல முடிஞ்சுது. எந்த இனிஷியல் வேணும், டீச்சர்?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டிப்போய், அந்தக் கணக்கைத் திறந்து, தன் இனிஷியலைத் தானே எழுதிக் கொடுத்தவர் இவர். அப்பாவோ போய்ச் சேர்ந்துவிட்டார். ரேஷன் கார்டில் பெயரை எடுத்தாயிற்று, பட்டாவில் அண்ணன் பெயர் ஏறிவிட்டது, கல்லறைச் சிலுவையில் எழுதியதும் மழையில் அழிந்துபோயிற்று. அவர் பெயர் இன்னும் இருக்கிற இடம் என் பான் கார்டுதான்.

"அப்பாவே இருக்கட்டும் ஆச்சி" என்றேன், மெதுவாக. இவர் எதிரே உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. பேங்க்கில் இன்று போய் நாளை வா என்றார்கள். ஒவ்வொரு தடவையும் இவரை வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். அவர் இனிஷியலை எடுத்துவிடச் சொல்லி எழுதிய கடிதத்தை அவர் பார்க்க எனக்கு மனசில்லை. என்ன வேலை என்று அவரும் கேட்கவில்லை. பிறகு ஆச்சி மறுபடி விண்ணப்பித்துக் கொடுத்தார், பணம் வந்துவிட்டது. பேசிய தொகைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்காமல், கைநிறைய மனகோலப் பலகாரம் கட்டிக் கொடுத்த மகராசி அவர்.

புதுக்கோட்டையில் மிஷினை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் இவர் முகத்தைச் சுளித்தார். "அடேயப்பா, இம்புட்டுச் சத்தமா!" என்றார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கல்யாணத்துக்கு அப்புறம் அவரிடம் பேசியே இராத மெல்லிய குரலில் விஷயத்தைச் சொன்னேன்.

"என்னங்க, பாஸ்புக்ல ஒங்க இனிஷியல எடுத்துட்டேன். வருத்தமா?"

"திருமயத்துலயே தெரியுமே. காது கேக்காதவன் வாயத்தான பாத்துக்கிட்டு இருப்பான்?" என்றவர், மிஷினை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஒங்கப்பா எழுத்தா மட்டுந்தான் இருக்காரு. நான் ஆளாவே இருக்கேன்ல. அழுகாத, இப்ப எல்லாம் கேக்குது."